ஒரு நெத்திலியும் செங்கதிர் அறவாரியமும்

பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடைகளும் பூக்கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சாலையில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், செங்கதிர் தோல் நல அறவாரியம் இயங்கி வருகிறது. இயங்கி வருகிறது என்று அவர்களுடைய பதாகையிலேயே எழுதியிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். "காப்புறுதி இல்லையா? கவலை வேண்டாம். தோல் புற்றுநோய்க்கு நாங்கள் இருக்கிறோம்" என்பது அந்தப் பதாகையின் வாசகம். பக்கத்தில், கடற்கரையில் வெயில் காயும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவருக்குக் காப்புறுதி உண்டா என்று பதாகையில் சொல்லவில்லை.

கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. அது அறங்காவலர்களுக்கு. உதவி கேட்டு வருபவர்கள் படியேற வேண்டும். முயற்சி உள்ளவர்களுக்கே உதவுவது என்பது அறவாரியத்தின் கொள்கை என்று படிக்கட்டின் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஏறுகிறவர்களுக்கு அதை நின்று படிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

அந்தப் படிகளில் ஒரு சனிக்கிழமை காலையில் வேலாயுதம் பக்கவாட்டாக, வலது குதிகாலை மட்டும் ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மனைவி புஷ்பவல்லி பின்னால் வந்தாள்.

வேலாயுதம் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை விடியலில் ஏற்றிப் போய் மதியம் வீட்டில் இறக்கிவிடுவார். சொந்த வேன், சொந்த ஓட்டம். அதனால் முதலாளி என்று ஒருவர் இல்லை. முதலாளி எடுத்துத் தரும் மருத்துவக் காப்புறுதியும் இல்லை. வேனுக்குக் காப்புறுதி இருந்தது. அது இல்லாமல் வேன் சாலையில் ஓடக்கூடாது என்று சட்டம். மனிதன் ஓடலாம். அவரும் ஓடிக்கொண்டிருந்தார்.

அவருடைய வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு கறுப்புப் படை இருந்தது. எண்ணெயை மிதித்துவிட்டுக் கழுவாமல் விட்டது மாதிரி ஒழுங்கில்லாமல் பரவியிருந்தது. நடுவில் புண். அது எப்படி வந்தது என்பது வேலாயுதத்துக்குத் தெரியும். அவருக்கும் அம்மனுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்.

போன வருடத் தீமிதிக்கு அவர் விரதம் இருந்தார். விரதத்தின் நடுவே ஒரு காலை, பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு பசி தாங்காமல், சாலையோரத்தில் ஒரு மலாய்க்கார அம்மா வைத்திருந்த மாக்சிக் கடையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு வாங்கினார். முட்டை வேண்டாம், நெத்திலி வேண்டாம், சோறும் சம்பலும் போதும் என்று சொல்லித்தான் வாங்கினார். சம்பலிலேயே பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்குமே என்று கேட்பவர்கள் இந்த நாட்டில் விரதம் இருந்து பார்த்தவர்கள் அல்ல. சம்பலுக்குள் ஒரு நெத்திலி ஒளிந்திருந்தது. கடித்த பிறகுதான் தெரிந்தது. துப்பியிருக்கலாம். அவர் துப்பவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அது ருசியாக இருந்தது.

தீ மிதிக்கும்போது பாதம் சுட்டால் விரதத்தில் குறை என்று அர்த்தம். இது கோயிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுட்டவர்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை என்பதால், அந்தக் கோயிலில் இன்றுவரை யாருக்கும் சுட்டதில்லை. வேலாயுதத்துக்கும் அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. சில வாரம் கழித்துக் காலில் முள் தேடும்போதுதான் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே கறுப்பாக, அந்த நெத்திலி உட்கார்ந்திருந்தது.

அன்று முதல் அவர் காலுறை போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்தார். கிள்ளான் வெக்கையில் காலுறையோடு படுக்கும் கணவனை எந்த மனைவியும் ஒரு வார்த்தை கேட்பாள். புஷ்பவல்லி கேட்கவில்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது. இந்த வருடம் நெத்திலியின் வாசம்கூடப் படாமல் விரதம் இருந்து மறுபடியும் மிதித்தார். அம்மன் மன்னித்துவிடுவாள் என்று நம்பினார். படை பெரிதானது. வேனில் ஆக்சிலேட்டருக்குக் கீழே ரப்பர் விரிப்பில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் புஷ்பவல்லி அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த மலாய் டாக்டர் வயதில் சின்னவர். பூதக்கண்ணாடி வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். இதற்கு முன்னால் அந்த இடத்தில் தாஹி லாலாட் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். மலாய்க்காரர்கள் மச்சத்தை அப்படித்தான் சொல்வார்கள். ஈயின் எச்சம் என்று அர்த்தம். நாம் அதையே அதிர்ஷ்டம் என்போம். லாட்டரி விழுந்தவனை மச்சக்காரன் என்போம். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே புள்ளியைத்தான்.

"இல்ல டாக்டர். தீ" என்றார் வேலாயுதம்.

புஷ்பவல்லி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தீயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இது தோல் புற்றுநோயாக இருக்கலாம், கொஞ்சம் சதையை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார். பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். அவசரம் என்று அதில் சிவப்பு மையால் எழுதினார். அவசரக்காரர்களுக்கு என்று மருத்துவமனையில் தனி வரிசை உண்டு. அதுவும் நீளமாக இருந்தது. தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் கிடைத்தது. "நடுவுல இடம் காலியானா அவங்களே போன் பண்ணுவாங்க. கட்டாயம் எடுங்க" என்று டாக்டர் மலாயில் இரண்டு தடவை சொன்னார்.

தீபாவளிக்கு வெகுநாள் இருந்தது. புஷ்பவல்லி பொறுக்காமல் அவரை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். பூந்தொட்டியும் குளிரூட்டியும் காப்பிக் கடையும் இருந்த அந்த இடத்தில், முகப்பில் இருந்த பெண் அவர் காலைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"அங்கிள், ஜிஎல் என்னா?"

"பி பாசிட்டிவ்மா" என்றார் வேலாயுதம்.

அந்தப் பெண் நல்ல பெண்; சிரிக்கவில்லை. ஜிஎல் என்பது ரத்த வகை இல்லை, உங்கள் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று காப்புறுதிக் கம்பெனி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம் என்று விளக்கினாள். அது இல்லையென்றால் முன்பணம். எவ்வளவு என்று எழுதிக் காட்டினாள். இருவரும் நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள். திரும்பும் வழியில்தான் பிரிக்பீல்ட்ஸில் புஷ்பவல்லி அந்தப் பதாகையைப் பார்த்தாள். வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்ததும் நல்ல பெரிய இடம் என்று நம்பிக்கை வந்தது.

மூன்றாவது மாடியில் அவர்களை வரவேற்றவர் அனுப்பிரியா. பயனாளர் உறவு அதிகாரி. கையில் டேப்லெட். பாதத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் தண்ணீர் கொடுத்தார்.

"உக்காருங்க அங்கிள். மொதல்ல உங்க தப்பு என்னான்னு பார்த்துடலாம்."

வேலாயுதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெத்திலி விஷயம் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வந்துவிட்டதோ என்று பயந்துபோனார்.

"தொப்பி போடுவீங்களா?"

"வேன்லதாம்மா இருப்பேன்."

"சன்ஸ்கிரீன்?"

"அது என்னாம்மா?"

அனுப்பிரியா வருத்தத்தோடு தலையசைத்து எதையோ தட்டினார். "பீச்சுக்குப் போவீங்களா? போர்ட் டிக்சன், மோரிப்?"

"பிள்ளைங்கள ஸ்கூல் டிரிப் ஏத்திட்டுப் போனதுதான்."

"அங்க வெயில்ல கால மேல தூக்கி வெச்சு உக்காந்தீங்களா?"

வேலாயுதம் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். அப்படி உட்கார்ந்ததாக நினைவில்லை. அனுப்பிரியாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "இங்க தோல் கேன்சர்னா காரணம் வெயில்தான் அங்கிள். வெயில் எப்படிப் பட்டுச்சுன்னு போடலன்னா சிஸ்டம் அடுத்த பக்கத்துக்கே போகாது. உங்களுக்கு உள்ளங்கால்ல வந்திருக்கு. உள்ளங்கால்ல எப்படி வெயில் படும்? கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க லா."

உதவி கேட்டு வந்தவர் உதவ முடியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் புஷ்பவல்லிதான் வாயைத் திறந்தாள். "மத்தியானம் பிள்ளைங்க வர்ற வரைக்கும் வேன்லயே தூங்குவாரு. அப்ப கால டேஷ்போர்டு மேல தூக்கிப் போட்டுக்குவாரு. கண்ணாடி வழியா வெயில் அடிக்கும்."

அனுப்பிரியாவின் முகம் மலர்ந்தது. அலட்சியமான வெயில் வெளிப்பாடு, பணி நேரத்தில், என்று பதிவானது. சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போனது. அங்கே ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: இத்தனை வருடமாக ஏன் காப்புறுதி எடுக்கவில்லை? அதற்குப் பதில் இப்போது வேண்டாம், மனவருத்தப் பட்டறையில் சொன்னால் போதும் என்றார் அனுப்பிரியா. பட்டறையில் தேறுகிறவர்கள் அறவாரியத்தின் ஆண்டு விருந்தில் மேடையேறிப் பேசுவார்கள். மிக ஆழமாக வருந்துகிறவருக்கு அறுவை சிகிச்சை இலவசம்.

வெளியே வரும்போது ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். உள்ளே சன்ஸ்கிரீன் இருந்தது. அதை இறக்குமதி செய்பவர் அறவாரியத்தின் தலைவர் டத்தோ சபாபதி. புண்ணில் படக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருந்தது.

பட்டறை சனிக்கிழமைதோறும் நடந்தது. நடத்தியவர் இராமலிங்கம் என்ற ஊக்கப் பேச்சாளர். முன்பு காப்புறுதி முகவராக இருந்தவர். இப்போதும் சட்டைப்பையில் முகவர் அட்டை இருக்கும். வருகிறவர்களின் கைப்பேசிகளை வாசலிலேயே ஒரு பூக்கூடையில் வாங்கி வைத்துவிடுவார். வருந்தும்போது மணி அடித்தால் வருத்தம் கலைந்துவிடுமாம்.

"இங்க யாரும் நோயாளி கிடையாது" என்று தொடங்குவார் இராமலிங்கம். "நீங்கள்லாம் முடிவெடுக்காதவங்க. இன்சூரன்ஸ் இல்லாததுதான் உங்க வியாதி. கேன்சர் அதோட அறிகுறி. நான் எத்தனை வீட்டுக் கதவத் தட்டியிருப்பேன் தெரியுமா? எத்தனை பேரு உள்ள இருந்துக்கிட்டே இல்லன்னு சொல்லியிருப்பீங்க? அன்னிக்கு எனக்கு மனசு எவ்வளவு வலிச்சிருக்கும்? அந்த வலிதான் இன்னிக்கு உங்களுக்கு வந்திருக்கு. நான் சாபம் விட்டேன்னு சொல்லல. ஆனா வந்திருக்கு."

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேலாயுதம் ஒரு தடவை அப்படி உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொன்னது உண்மைதான்.

பிறகு பயிற்சி. எழுந்து நிற்க வேண்டும். கைகூப்ப வேண்டும். தலையைச் சற்று வலப்பக்கம் திருப்ப வேண்டும். விருந்தன்று பிரமுகர்கள் மேசை அந்தப் பக்கம்தான் இருக்கும். தப்பைச் சொல்லி, நிறுத்தி, மூச்சு விட்டு, பிறகு கண் கலங்க வேண்டும். இதில் யாராலும் மிஞ்ச முடியாதவர் அசாருதீன். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, சுங்கை பூலோ பக்கம் கட்டட வேலை செய்கிறவர். காது மடலில் ஆறாத புண். வீட்டை நினைத்தாலே அழுகை வந்துவிடும் என்பதால் எதைச் சொன்னாலும் அழுவார். இராமலிங்கம் அவரை எல்லாருக்கும் உதாரணமாகக் காட்டினார்.

வேலாயுதம் தேறவில்லை. டேஷ்போர்டில் காலைத் தூக்கிப் போட்டேன் என்று சொல்ல வரும்போதெல்லாம் நாக்குத் தடுமாறியது. அது தன் தப்பில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உண்மையான தப்பு வேறு இடத்தில், மாக்சிக் கடைப் பொட்டலத்துக்குள் இருந்தது. அதை மறைத்துவிட்டு இன்னொரு தப்புக்காக அழுவது அவருக்குப் பெரிய பாவமாகப் பட்டது. ஆக, வருந்த முடியவில்லையே என்றும் வருந்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஒரு சனிக்கிழமை அவர் எழுந்து நின்று தடுமாறிக்கொண்டிருந்தபோது பூக்கூடைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. இராமலிங்கம் எரிச்சலோடு எடுத்துப் பார்த்தார்.

"இது யாரு போனு?"

"என்னுதுங்க சார்."

"ஜீரோ த்ரீல ஆரம்பிக்குது, ஏதோ ஆபீஸ் நம்பர். தெரிஞ்சவங்களா?"

"தெரியலைங்க சார். ஒருவேள..."

"தெரியாத நம்பர்னா எடுக்கக் கூடாது அங்கிள். ஸ்கேமர் லா. போலீஸ்ம்பான், பேங்க்ம்பான், இப்பல்லாம் ஆஸ்பத்திரின்னுகூடச் சொல்றானுங்க. எங்க மாமியாரே ஏமாந்துட்டாங்க." இராமலிங்கம் திரையில் இரண்டு தடவை தட்டினார். "பிளாக் பண்ணிட்டேன். இனிமே வராது. இதுகூட ஒரு இன்சூரன்ஸ் மாதிரிதான், நாம முன்னாடியே யோசிக்கணும்."

வேலாயுதத்துக்கு மலாய் டாக்டர் இரண்டு தடவை சொன்னது நினைவுக்கு வந்தது. சொல்லலாமா என்று பார்த்தார். ஏற்கெனவே சரியாக வருந்தவில்லை. இதில் எதிர்த்துப் பேசவும் செய்தால் என்ன நினைப்பார்கள் என்று பட்டது. "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கைகூப்பினார்.

ஆண்டு விருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாழை இலை. பிரமுகர்கள் மேசை வலப்பக்கம். விண்ணப்பதாரர்கள் மேடையின் ஓரம், மஞ்சள் சட்டையில். சட்டையின் முதுகில் "நான் தாமதித்தேன்" என்று அச்சிட்டிருந்தது. முதுகில் இருந்ததால் போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியவில்லை. புஷ்பவல்லிக்குத் தெரிந்தது. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டத்தோ சபாபதி எழுந்தார்.

"பேரன்புடையீர். இந்த அறவாரியம் தொடங்கிய நாள் முதல் இந்த நிமிடம் வரை, நம் உதவியால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஒருவர்கூட இல்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கை தட்டினார்கள்.

"ஏன் பெருமை என்று கேட்பீர்கள். வருமுன் காப்பதே நம் நோக்கம். சிகிச்சை என்பது என்ன? வந்த பின் காப்பது. அது நம் நோக்கத்துக்கே முரணானது. இன்னொன்றும் சொல்வேன். காப்புறுதி இல்லாதவருக்கு நாம் சும்மா வைத்தியம் பார்த்துவிட்டால், காசு கட்டிக் காப்புறுதி எடுத்தவரின் மனம் என்ன பாடுபடும்? அவர் ஏமாந்தவர் ஆகமாட்டாரா? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூக்கில் ஒரு சின்னப் புள்ளி வந்தது. காலையில் பார்த்தேன். மதியம் எடுத்துவிட்டார்கள். கடைசியில் அது வெறும் கொப்புளம். சந்தேகத்துக்கு எடுத்தார்கள். பொறுப்புள்ள மனிதனின் மூக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே பாருங்கள்."

மூக்கை முதலில் இந்தப் பக்கமும் பிறகு அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வடு எதுவும் இல்லை.

பிறகு விண்ணப்பதாரர்கள் பேசினார்கள். அசாருதீன் மைக்கைப் பிடித்து, காதைத் தொட்டு, ஊரில் இருக்கும் மகளின் பெயரைச் சொன்னார். மேற்கொண்டு பேச முடியவில்லை. பிரமுகர்கள் மேசையில் இரண்டு பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். அடுத்து வேலாயுதத்தின் முறை.

கைகூப்பினார். தலையை வலப்பக்கம் திருப்பினார். அந்த நேரம் பார்த்து பிரமுகர்களின் இலைகளில் பரிமாற ஆரம்பித்திருந்தார்கள். டத்தோவின் இலையில், வெள்ளைச் சோற்றுக்குப் பக்கத்தில், சிவக்க வறுத்த நெத்திலி சம்பல் ஒரு கரண்டி விழுந்தது.

"நான் டேஷ்போர்டுல கால் வைக்கலைங்க" என்றார். "வெச்சேன். ஆனா அதனால இல்ல. விரதத்துல நெத்திலி சாப்பிட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு. தெரியாமத்தான் சாப்பிட்டேன், ஆனா தெரிஞ்சப்புறமும் முழுங்கிட்டேன். ருசியா இருந்துச்சு. அதோட போய்த் தீ மிதிச்சேன். சுட்டுருச்சு. இதான் என் தப்பு. எல்லாரும் மன்னிக்கணும்."

பிரமுகர்கள் மேசையில் பாதிப் பேர் வருடா வருடம் தீ மிதிப்பவர்கள். அவர்கள் கால்களை மேசைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். டத்தோ கையிலிருந்த நெத்திலியை இலையின் ஓரமாக வைத்தார்.

நடுவர்களாக உட்கார்ந்திருந்த அறங்காவலர்கள் கூடிப் பேசினார்கள். வேலாயுதத்தின் வருத்தம் இதுவரை அறவாரியம் கண்டவற்றில் மிக உண்மையானது என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அதை டத்தோவே ஒலிபெருக்கியில் விளக்கினார். "அன்பர் சொல்வது தீ. நம் அறவாரியத்தின் சட்டத்தில் இருப்பது சூரியன் மட்டும். தீ நம் எல்லைக்குள் வராது. தீக்காயத்துக்கு வேறு இயக்கங்கள் இருக்கின்றன. அவர்கள் வேலையில் நாம் தலையிடுவது நாகரிகம் ஆகாது." வேலாயுதத்துக்கு ஆறுதல் பரிசாக, சூரியன் படம் போட்ட ஒரு குடை கொடுத்தார்கள்.

முதல் பரிசு அசாருதீனுக்கு. இலவச அறுவை சிகிச்சைக்கான ஆளுயரச் சீட்டை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்கிய பிறகு அசாருதீன் அதன் கீழே பொடியாக எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வேலாயுதத்திடம் வந்தார்.

"அண்ணே, ஜிஎல் கொண்டு வந்தா உடனே ஆபரேசன்னு போட்டிருக்கு. ஜிஎல்லுன்னா என்னண்ணே?"

"ரத்த வகை இல்ல தம்பி" என்றார் வேலாயுதம். அதற்கு மேல் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

தீபாவளி வந்து போனது. குறித்த நாளில் இருவரும் பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். வெயில் கொளுத்தியதால் புஷ்பவல்லி அந்தக் குடையைப் பிடித்து வந்தாள். பதிவு செய்த தாதி அவர் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"பாக்சிக், உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணினோம் தெரியுமா? முன்னாடியே இடம் கிடைச்சுச்சு. போனே போகலையே. பிளாக் பண்ணிட்டீங்களா?" என்று மலாயில் கேட்டார்.

வேலாயுதம் கைகூப்பினார். பழக்கத்தில் தலை வலப்பக்கம் திரும்பியது. அங்கே எடை பார்க்கும் கருவி நின்றிருந்தது.

சதை எடுத்தார்கள். கட்டணம் என்று வாங்கியது வெளியே ஒரு நாசி லெமாக் விலைகூட இல்லை. முடிவு வந்த அன்று அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னவர் டாக்டர் ரமணி. தலை நரைத்த அம்மாள், மேடைத் தமிழ் தெரியாதவர்.

"கேன்சர்தான் அங்கிள். பெருவிரலையும் அதுக்குப் பின்னாடி கொஞ்சத்தையும் எடுக்கணும். சீக்கிரமா எடுக்கணும். தொடை இடுக்குல பரவியிருக்கான்னும் பார்க்கணும். அது பார்த்தாத்தான் மிச்சத்தச் சொல்ல முடியும்."

"வேன் ஓட்டலாமா டாக்டர்?"

"மொதல்ல உயிரப் பார்ப்போம். அப்புறம் வேன்." கொஞ்சம் இறங்கிய குரலில், "குதிகால் இருக்கும்" என்றார்.

"வெயில்னாலயா டாக்டர்?" என்று புஷ்பவல்லி கேட்டாள்.

"வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. நம்மளமாதிரி ஆளுங்களுக்கு உள்ளங்காலு, உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் இது அதிகமா வரும். அங்கதான் யாரும் பார்க்க மாட்டாங்க."

"தீ?"

"தீயும் இல்ல. யாரோட தப்பும் இல்ல." டாக்டர் கணினிப் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் தெரியணும். மொதமொதல்ல எப்பப் பார்த்தீங்க?"

"போன வருசம் தீமிதி முடிஞ்சு..." என்று வேலாயுதம் ஆரம்பித்தார்.

"இல்ல டாக்டர்" என்றாள் புஷ்பவல்லி. குடையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அதுக்கும் முன்னாடியே இருந்துச்சு. விரதத்துக்கு முன்னாடி. இவரு தூங்குறப்ப நான் பார்த்தேன். மிளகு அளவுதான். மச்சம்னு நினைச்சேன். உள்ளங்கால்ல மச்சம் வந்தா சொந்த வீடு அமையும்னு எங்க பக்கம் சொல்வாங்க. வெளிய சொன்னா பலிக்காது. அதனால இவருகிட்டக்கூடச் சொல்லல."

டாக்டர் அதைக் கணினியில் தட்டிக்கொண்டார்.

"அப்புறம் அது பெருசாச்சு. நான் சந்தோசப்பட்டேன் டாக்டர். பெரிய வீடா அமையப் போகுதுன்னு. இவரு சாக்ஸ் போட ஆரம்பிச்சப்ப, இவருக்கும் தெரிஞ்சிருச்சு, கண்ணு படக் கூடாதுன்னு மறைக்கிறாருன்னு நினைச்சேன். அந்தக் கிளினிக் டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம். வாய் வரல."

வேலாயுதத்துக்கு முதலில் காதில் விழுந்தது ஒன்றுதான். விரதத்துக்கு முன்னாடியே இருந்தது. அப்படியென்றால் அது நெத்திலி இல்லை. அம்மன் கோபப்படவே இல்லை. வெகு காலத்துக்குப் பிறகு நெஞ்சு முழுக்க மூச்சு வந்தது. விரலை எடுக்கப் போகிறார்கள் என்பதுகூட ஒரு கணம் மறந்துபோனது. இதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஆசையாகத் திரும்பினார்.

அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவருக்குத் தெரியும். போன வருடத்திலிருந்து தினமும் விடியலில் வேன் கண்ணாடியில் தன் முகமாக அதைப் பார்த்திருக்கிறார். அவர் இறக்கி வைத்ததை அவள் அப்போதுதான் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இனி ஒவ்வொரு நாளும், அவர் குதிகாலால் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அவள் அதைச் சுமக்கப் போகிறாள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. தனியாக அதைச் சுமந்தால் எப்படி இருக்கும் என்பது அவரைவிட யாருக்கும் தெரியாது.

வேலாயுதம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இராமலிங்கம் கற்றுக்கொடுத்தபடி கைகளைக் கூப்பினார். தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பினார்.

"அவ தப்பா சொல்றா டாக்டர். முன்னாடி ஒண்ணும் இல்ல. எனக்கு நல்லாத் தெரியும். நான் விரதத்துல நெத்திலி சாப்பிட்டுட்டேன். துப்பியிருக்கலாம், துப்பல." நிறுத்தினார். மூச்சு விட்டார். "அப்புறம் தீ மிதிச்சேன். அதுக்கு அப்புறம்தான் இது வந்துச்சு. என் தப்புதான்."

பட்டறையில் ஒரு நாளும் வராத கண்ணீர் சரியான இடத்தில் வந்தது. நாக்கு ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அவர் இதுவரை சொன்னதிலேயே முழுப் பொய் அதுதான்.

டாக்டர் ரமணியின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. அவரைப் பார்த்தார், பிறகு புஷ்பவல்லியைப் பார்த்தார்.

"நெத்திலியா?"

"ஆமா டாக்டர்" என்றார் வேலாயுதம். "அப்படியே எழுதிக்கங்க."